பெரணிக்காக நின்ற நிழல்

புங்க மரத்தை வெட்டி, துண்டு போட்டு, டிராக்டர்ல ஏத்தி அனுப்பி, வேரைத் தோண்டி, குழியை மூடி, அதுக்கு மேல சிமெண்டும் பூசி முடிச்ச மறுநாள் காலையில பார்த்தா, மரத்தோட நிழல் மட்டும் எங்கயும் போகாம அங்கேயே கிடந்துச்சு. எங்க ஊரு நாவலோடையில இதுக்காக யாரும் மூக்கு மேல விரலை வைக்கலை. மலையடிவாரத்து ஊரு இது. சில நாள் மேகமே வழி தப்பி இறங்கி வந்து கடைத்தெருவுல படுத்துக் கிடக்கும், முதல் பஸ்சு ஹாரன் அடிச்சாத்தான் எந்திரிச்சுப் போகும். அப்பேர்ப்பட்ட ஊருல ஒரு நிழல் தங்கிப்போச்சுன்னா, அதுக்கு என்ன கஷ்டமோ என்னவோன்னு விட்டுட்டாங்க.

விடாத ஆளு ஒருத்தர்தான். மரத்தை வெட்டுன முத்திருளண்ணன். எங்களுக்கு அடுத்த வீடு, மிளகு வியாபாரம். மலையில இருந்து பச்சை மிளகு வாங்கியாந்து, களத்துல காயப்போட்டு, மூட்டை கட்டி விக்கிறவரு. களத்துல பாதியை மரம் மறைக்குதுன்னு தை மாசம் வெட்டிப்புட்டாரு. மரமும் அவரு மரம், களமும் அவரு களம், யாரு என்ன கேக்க முடியும்? ஆனா அந்த நிழல்ல பாதி மதில் தாண்டி எங்க கொல்லையில விழுந்துக்கிட்டிருந்துச்சு, அந்தப் பாதிக்குள்ளதான் எங்க மதினி பவுன்தாயி பெரணிச் செடி வச்சிருந்தாங்க. அந்தப் பெரணிக் கதையைச் சொல்லாம இந்த நிழல் கதையைச் சொல்ல முடியாது. அதனால அதை முதல்ல சொல்லிடுறேன், குறுக்க பேசாமக் கேளுங்க.

என் பேரு லோகமணி. வாசல்ல இட்லிக் கடை போட்டிருக்கேன். புருஷன் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவ. எனக்கு வாய் நீளம்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க, வாய் நீளம் இல்லாதவ இட்லிக் கடை வச்சுப் பொழைக்க முடியுமா? எங்க அண்ணன் கூடலிங்கம் எனக்கு நேர் எதிர். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் ஓட்டுது. விடியுறப்ப மலை ஏறும், பொழுது சாய இறங்கும், நடுவுல அது பேசுறதை ஒரு கைக்குள்ள அள்ளிடலாம். பொண்ணு பார்க்கப் போற வீட்டுலயெல்லாம் காபியைக் குடிச்சுட்டு 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சு வந்துரும். எதுக்குச் சரின்னு அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்படியே நாப்பது வயசாகிப்போச்சு.

மதினி மலை மேல ஏலக்காய்த் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க. முன்னாடி ஒரு தடவை அவங்களைக் கீழ, அனல் பறக்குற ஊர்ல கட்டிக் கொடுத்திருக்காங்க. அங்க யாரும் அடிக்கலை, திட்டலை, சோத்துக்கும் குறையில்லை. ஆனா மதினி நாளுக்கு நாள் வாடிப்போயிருக்காங்க, வாடிப்போனதை அந்த வீட்டுல ஒருத்தரும் கவனிக்கலை. அவங்க அப்பா பார்க்கப் போனப்ப, கதவைத் திறந்த மகள்கிட்டயே, "ஏம்மா, பவுன்தாயி வீட்டுல இருக்காளா?"ன்னு கேட்டாராம். அன்னைக்கே அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு மலை ஏறுனவங்கதான். அதனால எங்க அண்ணன் பொண்ணு பார்க்கப் போனப்ப, காபி டம்ளரை நீட்டிக்கிட்டே மதினி நேராச் சொன்னாங்க: "நான் வந்தா என் பெட்டியில பெரணி கொண்டாருவேன். அது உங்க ஊர்ல பொழைச்சா நானும் பொழைப்பேன். அது கருகுச்சுன்னா நான் மேல ஏறி வந்துருவேன், யாரும் தடுக்கக் கூடாது. மனுஷி வாடுறது யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டேங்குது. செடி வாடுனாத் தெரியும்ல?" அண்ணன் காபியைக் குடிச்சுச்சு, 'சரி'ன்னுச்சு. அது சொன்ன சரியில அர்த்தம் தெரிஞ்சு சொன்ன முதல் சரி அதுதான்.

அப்படித்தான் வந்து இறங்குனாங்க. சேலை துணிமணியெல்லாம் தோள்ல ஒரு மஞ்சப் பைக்குள்ள, பெரிய ட்ரங்குப் பெட்டி நிறைய ஈரப் பாசி சுத்துன பெரணி. புதுப்பொண்ணு பெட்டியைத் திறக்குறாளேன்னு தெருவே எட்டிப் பார்த்துச்சு, பார்த்தா உள்ள ஒரே பச்சை. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "மதினி, இது பூக்குமா?"ன்னு கேட்டேன். "பூக்காது." "காய்க்குமா?" "காய்க்காது." "கறிக்கு ஆகுமா, மாடாச்சும் திங்குமா?" "திங்காது." "பிறகு என்னதான் செய்யும்?" "ஒண்ணும் செய்யாது லோகமணி, சும்மா இருக்கும்." "சும்மா இருக்குறதுக்குத்தான் உங்க புருஷன் இருக்காரே, போதாதா?"ன்னேன். மதினி சிரிச்சாங்க பாருங்க, பெட்டி மூடி மேல கையை ஊனிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அன்னைக்கே எனக்கு அவங்களைப் பிடிச்சுப்போச்சு, ஆனா அதை உடனே காட்டிக்கிட முடியுமா?

அந்தச் செடிக்கு அவங்க பண்ணுன பணிவிடையை நான் என்னைப் பெத்த தாய்க்குப் பண்ணியிருந்தா புண்ணியமாவது கிடைச்சிருக்கும். புங்க நிழல் எதுவரைக்கும் விழுதுன்னு ஒரு வாரம் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் நின்னு பார்த்து, அதுக்குள்ள மட்டும் மண்ணைக் கொத்தி, களிமண்ணை அள்ளி வெளிய போட்டு, செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் அடியில பரப்பி, மக்குன இலையைக் கையாலயே பொடிச்சுப் போட்டு, குருத்து கிளம்புற தலைப்பாகம் மண்ணுக்குள்ள புதையாம, பிள்ளையைத் தொட்டில்ல கிடத்துற பதத்துல ஒவ்வொண்ணா வச்சாங்க. பழைய இலை காய்ஞ்சு தொங்குதேன்னு நான் ஒடிக்கப் போனா, "விடு, புதுசு விரியுற வரைக்கும் அது காவல்"ன்னு கையைத் தட்டி விடுவாங்க. இலைக்கு அடியில பழுப்புப் புள்ளி பார்த்து, பூச்சி விழுந்துருச்சுன்னு நான் பதறுனா, அதுதான் விதை மாதிரின்னு சொல்லிச் சிரிப்பாங்க. எங்க ஊரு போர்த் தண்ணி உப்பு, அது ஆகாதுன்னாங்க. மறுநாள்ல இருந்து எங்க அண்ணன் மலை ஓடையில ஒரு கேன் தண்ணி பிடிச்சு ஜீப்புல கொண்டாந்து கொல்லையில வச்சுட்டுப் போகும், ஒரு வார்த்தை பேசாது. மழை பெய்யுற நாள்லயும் கொண்டாரும்.

நாய்வால் கணக்காச் சுருண்டு கிடந்த குருத்தெல்லாம் ஒவ்வொண்ணா அவிழ்ந்துச்சு. மதினி முகமும் தெளிஞ்சுச்சு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டாவது தடவை சோறு வாங்குனாங்க, என்கூட வரிஞ்சுகட்டிக்கிட்டுச் சண்டை போட ஆரம்பிச்சாங்க. சாம்பார்ல புளி கூடிப்போச்சுன்னு ஒரு நாள் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் சண்டை. எத்தனை வருஷமாச்சு எனக்குச் சரிக்குச் சரி ஒருத்தி வாய் கொடுத்து! சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

அந்த நேரத்துலதான் முத்திருளண்ணன் மரத்துல கோடாலி வச்சாரு. நான் மதில் மேல ஏறி நின்னு, "அண்ணே, மரம் போனா செடி போகும், செடி போனா எங்க மதினி போயிருவாங்க, கொஞ்சம் யோசிங்கண்ணே"ன்னு கெஞ்சுனேன். "ஒரு செடிக்காகப் போறவ என்ன குடும்பம் நடத்துறவ, போ லோகமணி, இட்லி தீயுது பாரு"ன்னாரு. இட்லி எங்கயாச்சும் தீயுமா? மரம் சாஞ்ச சத்தம் கேட்டதும் மதினி பரண்ல இருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வச்சாங்க. அண்ணன் அன்னைக்குச் சாப்பிடலை. சிமெண்ட் பூசி முடிச்ச மறுநாள் காலையில நான் கொல்லைக் கதவைத் திறந்தா, நிழல் இருந்த இடத்துல இருந்துச்சு, கிளை கிளையா, இலை இலையா, காத்துக்கு ஆடிக்கிட்டு. மதினி அண்ணாந்து பார்த்தாங்க, வெறும் வானம். குனிஞ்சு பார்த்தாங்க, குளுகுளுன்னு நிழல். கேனைத் தூக்கித் தண்ணி ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. பெட்டி பரணுக்குப் போயிருச்சு. அப்பாடான்னு உக்காந்தவதான், அன்னைக்குக் கடையே திறக்கலை.

ஊரு அதுக்குப் பழகிக்கிட்ட விதத்தைச் சொல்லணும். மரத்துல இருந்த காக்கா ரெண்டு நாள் கிளை இருந்த இடத்துல வந்து உக்காரப் பார்த்து, தடுமாறித் தடுமாறி, மூணாம் நாள் கோயில் அரசமரத்துக்குக் குடி போயிருச்சு. களத்து ஓரமா நிழல் விழுற இடத்துல பால்காரர் வேலுச்சாமி சைக்கிளை நிறுத்துனாரு, மலைக்குப் போற பொம்பளையாளுக ஜீப்புக்குக் காத்து நின்னாங்க, எதுத்த வீட்டுத் தையக்காரி வெள்ளையம்மா வெத்தலைப் பெட்டியோட வந்து உக்காந்தா. கிராம அலுவலர் வந்து பார்த்தாரு. மரம் இல்லாத நிழலை யாரு பேருல எழுதுறதுன்னு அவருக்கும் புரியலை, நல்லாத்தான் இருக்குன்னு கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாரு. மாசி பிறந்ததும் நிழல் இலை உதிர்த்துச்சு. ஒவ்வொரு இலை நிழலாப் பிரிஞ்சு, ஆடி ஆடி இறங்கி, மண்ணைத் தொட்டதும் காணாமப் போகும். அதுல ஒரு கஷ்டம் என்னன்னா, நிழல் இலை மக்காதே. பெரணிக்கு இலைமக்கு வேணுமே! நான்தான் கடைக்கு வர்ற பொம்பளைககிட்டச் சொன்னேன். வாசல் கூட்டுற சருகையெல்லாம் சாக்குல கட்டிக் கொண்டாந்து எங்க கொல்லையில தட்டிட்டு, அப்படியே ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போனாங்க.

முத்திருளண்ணன் பாடுதான் பாவம். களத்துல நிழல் விழுந்த பாதியில மிளகு காயாமப் பூசணம் பூத்துச்சு. தரைக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் பார்த்தாரு, சூடம் கொளுத்திப் பார்த்தாரு, நிழல் ஓரத்துல நின்னுக்கிட்டு, "வெட்டியாச்சுல்ல, போயேன்!"னு வெளக்கமாத்தை ஓங்கிப் பார்த்தாரு. அது அவரு கால்மேலயே ஏறிப் படுத்துச்சு.

இப்ப எங்க ஊருப் பழக்கம் ஒண்ணு சொல்லணும். எங்க பக்கம் யாரும் செடியைக் கேட்டு வாங்கி வைக்க மாட்டோம். கறிவேப்பிலைக் கன்னுல இருந்து மணி பிளான்ட் வரைக்கும் திருடி வச்சாத்தான் பிடிக்கும். கேட்டு வாங்குன செடி வேர் விடாது, அப்படி ஒரு நம்பிக்கை. எவளாச்சும் நம்ம தொட்டியில கை வைக்கிறதைப் பார்த்தா, பார்க்காத மாதிரி உள்ள போயிரணும், அதுதான் மரியாதை. நிழலையே கட்டிப்போட்டு வச்சிருக்கிற செடின்னா விடுவாளுகளா? முதல்ல வெள்ளையம்மா ஒரு கொத்தை முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போயித் தையல் கொட்டகை ஓரமா வச்சா. மறுநாள் பார்த்தா, அந்தத் தகரக் கூரை மேல ஒரு சேலை அகலத்துக்குப் புங்க நிழல் வந்து உக்காந்திருந்துச்சு, அவ மெஷின் மிதிச்சுக்கிட்டே பாட்டுப் பாடுறா. எங்க கொல்லை நிழல்ல அதே அளவுக்கு ஒரு ஓட்டை.

பிறகு சொல்லணுமா? வேலுச்சாமி ஒரு கொத்து எடுத்தாரு, அவரு கன்னுக்குட்டி மேல நிழல் விழுந்துச்சு. கோயில் பூசாரி ஒண்ணு எடுத்தாரு, கால் வைக்க முடியாமக் கொதிக்கிற கோயில் வாசல் குளுந்துபோச்சு. பஸ்சு நிக்கிற இடத்துல ஒண்ணு, தண்ணிக் குழாய்கிட்ட ஒண்ணு. ஊரெல்லாம் துண்டு துண்டா நிழல், எங்க கொல்லையில துண்டு துண்டா வெயில். இதை முதல்ல கணக்குப் பண்ணுனது முத்திருளண்ணன். ஒரு கொத்து போனா களத்துல ஒரு முறம் வெயில் கூடுதுன்னு கண்டுபிடிச்சுட்டு, கடைவீதியில போற வர்றவங்களையெல்லாம் நிறுத்தி, "என்னம்மா, நீ இன்னும் எடுக்கலையா? திருடி வைம்மா, குடும்பத்துக்கு ஆகும்"னு ஏத்தி விட்டாரு. கடைசியில அவரே ஒரு கொத்தைப் பிடுங்குனாரு. வளர்க்கவா? ஒழியட்டும்னு வீட்டுப் பின்னாடி குப்பையில வீசத்தான்.

எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனா பார்க்காத மாதிரி இருக்கிறதுதான மரியாதைன்னு நானும் இருந்தேன், எங்க மதினிக்கும் அது தெரியும்னு நினைச்சேன். ஆனா மலையில அந்தப் பழக்கமே கிடையாது. அங்க கேட்டாக் கொடுப்பாங்க, கேக்காட்டியும் கொடுப்பாங்க. மதினி ஒவ்வொரு நாளும் வந்து, பிடுங்குன குழியைப் பார்த்து, 'இந்த ஊருக்கு நான் ஆகலை போல'ன்னு மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டாங்க. முந்தின வீட்டுல இருந்த மாதிரியே வாயைத் திறக்கலை. சாம்பார்ல புளி கூடுனாலும் கேக்கலை. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

சித்திரை வெயில் வந்துச்சு. சல்லடையாப் போன நிழலுக்குள்ள ஊசி ஊசியா வெயில் இறங்கி, மிச்சமிருந்த பெரணி ஓரமெல்லாம் அப்பளமாப் பொரிஞ்சுச்சு. நடுவுல நின்னது மலையில இருந்து கொண்டாந்து முதல்ல நட்ட தாய்ச்செடி, அதோட குருத்து விரியாமலே கருத்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் மதினி பெட்டியை இறக்குனாங்க. அண்ணன் கேனோட வந்து நிக்குது. "ஏங்க, திங்கக்கிழமை காலையில ஜீப்புல எனக்கு ஒரு இடம் வையுங்க"ன்னாங்க. எந்த ஊர்லயாச்சும் கட்டுன புருஷனே தன் ஜீப்புல பொண்டாட்டியை அவ ஆத்தா வீட்டுல ஒரேயடியா இறக்கிவிட்டுட்டு வருவானா? அண்ணன் கேனைக் கீழ வச்சுச்சு. வாயைத் திறந்துச்சு. இந்தத் தடவை 'சரி'கூட வரலை.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் கடை அடுப்பைக்கூடப் பத்தவைக்காம நடுத்தெருவுல போய் நின்னு, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கத்துனேன் பாருங்க. "ஏ நாவலோடைக்காரிகளா, நாவலோடைக்காரங்களே! நிழல்ல உக்காந்து வெத்தலை போடுறீங்களே, யாரு நிழல் அது? எங்க மதினி நாளைக்குப் போறாங்க. போனா எங்க அண்ணனைப் பார்த்துக்க யாரு இருக்கா? என்கூடச் சண்டை போட யாரு இருக்கா? உங்களுக்கு வெக்கமா இல்லையா?" வெள்ளையம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயி, பெரணிக் கொத்தை மண்ணோட ஏந்திக்கிட்டு வந்து மதில் மேல வச்சா. "மன்னிச்சுக்க பவுன்தாயி, இது இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது"ன்னா.

செடி வந்துச்சு, நிழல் வரலை. அது தையல் கொட்டகை மேலயே கிடந்துச்சு. கொஞ்ச நேரத்துல அந்தக் கொத்தும் தலை தொங்கிப்போச்சு. எல்லாரும் கூடிக் கூடிப் பேசுனாங்க. பூசாரிதான் நெத்தியில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு: "நம்ம ஊர்ல செடி என்னைக்குக் கொடுத்து வாங்கி வளர்ந்துச்சு? திருடித்தான போச்சு, திருடித்தான் வரணும்." எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. எதுக்கு என்னைப் பார்க்கணும்? என் முகத்துல திருடின்னு எழுதி ஒட்டியிருக்கா? "சரி, போய்த் தூங்கித் தொலைங்க"ன்னேன்.

அன்னைக்கு உச்சி வெயில்ல எங்க ஊரு தூங்குன தூக்கம் இருக்கே, அதை நீங்க பார்த்திருக்கணும். கதவெல்லாம் ஆவென்னு திறந்து கிடக்கு, ஆளுகெல்லாம் பாயில கிடக்காங்க. வேலுச்சாமி விட்ட குறட்டையில கன்னுக்குட்டி மிரளுது. அந்த மனுஷனுக்குக் குறட்டையே வராது, அவரு பொண்டாட்டி சத்தியம் பண்ணுவா. வெள்ளையம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டே, "மண்வெட்டி அடுப்படியில இருக்கு"ன்னு தூக்கத்துல பேசுறா, அவ மதில்ல கொண்டாந்து வச்ச கொத்தை நானே அவ கொட்டகையில மறுபடி வச்சு, மறுபடி திருட வேண்டியிருந்துச்சு, என் தலையெழுத்து. பூசாரி கோயில் படியில படுத்துக்கிட்டு எனக்காக ஒரு பழைய சாக்கை மடிச்சுக் கைக்கெட்டுற இடத்துல வச்சிருந்தாரு. நான் கூடையும் கையுமா வீடு வீடா நுழைஞ்சு, வேர்ல மண்ணோட அலுங்காமக் கிளப்பி, ஈரத் துணி சுத்தி எடுத்தேன். ஒவ்வொரு கொத்தை எடுக்கிறப்பவும் அந்த நிழல் துண்டு தரையில இருந்து கிளம்பி என் பிடரி மேல வந்து உக்காந்துச்சு. தெருக்கோடிக்குப் போறதுக்குள்ள என் தலைக்கு மேல ஒரு முழுக் கிளை. வெயில்ல நடந்தாலும் எனக்கு வேர்க்கலை.

கடைசியாப் போனது முத்திருளண்ணன் வீடு. அந்த ஆளு மட்டும் தூங்கலை. பின்கட்டுல அவரு அப்பா கை கால் விழுந்து படுக்கையில கிடக்காரு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாசம், உள்ள நின்னா மூச்சு முட்டும். ஆனா அன்னைக்கு அந்த அறை குளுந்து கிடந்துச்சு. குப்பையில வீசுன பெரணிக் கொத்து ஜன்னலுக்கு வெளிய தானா வேர் பிடிச்சு நிக்குது, புங்க நிழல் கூரை மேல போர்த்தி, பெரியவரு வாயைத் திறந்து அசந்து தூங்குறாரு. முத்திருளண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாரு. "கோடை பிறந்ததுல இருந்து அப்பா கண்ணை மூடலை லோகமணி. இது வேர் பிடிச்ச அன்னைக்குத்தான் தூங்குனாரு. நான் பண்ணுனது தப்பு. எடுத்துக்கம்மா, நான் கண்ணை மூடிக்கிறேன்." மூடிக்கிட்டாரு. மூடுன கண்ணுக்குள்ள இருந்து தண்ணி வழியுது.

நான் செடியில கை வச்சேன். வச்ச கையை எடுத்தேன். அந்த ஆளைத் திட்டுறதுக்குன்னு தை மாசத்துல இருந்து சேத்து வச்சிருந்த வார்த்தை அத்தனையும் வீணாப்போச்சு, எனக்கு எரிச்சலா வந்துச்சு. "இலைமக்கு போடணும், போர்த் தண்ணி ஊத்திராதீங்க"ன்னு சொல்லிட்டு வெறுங்கையோட வெளிய வந்தேன்.

வீட்டுல மதினி எல்லாக் கொத்தையும் வாங்கி வாங்கி நட்டாங்க. யாரு எடுத்தது, எதுக்கு எடுத்தாங்க, ஊருப் பழக்கம் என்னன்னு நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். "கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேனே"ன்னாங்க. "கேட்டாச் செடி வராதே மதினி"ன்னேன். நிழல் முக்காவாசி கூடிருச்சு. ஆனா நடுவுல புடைக்கிற சொளகு அகலத்துக்கு ஒரு ஓட்டை, முத்திருளண்ணன் வீட்டுத் துண்டு. அது வழியா இறங்குன வெயில் நேரா தாய்ச்செடி தலையில விழுந்துச்சு. வேற எங்கயாச்சும் விழுந்திருக்கக் கூடாதா? மதினி அந்த ஓட்டையைப் பார்த்தாங்க, கருகுன குருத்தைப் பார்த்தாங்க. நான் எதுக்கு அதை எடுக்காம வந்தேன்னு சொன்னதுக்கும் தலையை மட்டும் ஆட்டுனாங்க. என் தைரியமெல்லாம் வடிஞ்சுபோச்சு.

திங்கக்கிழமை விடிஞ்சுச்சு. வாசல்ல ஜீப் உறுமிக்கிட்டு நிக்குது, அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேராப் பார்த்தபடி உக்காந்திருக்கு. நான் இட்லித் தட்டுல மாவை ஊத்துறேன். கொல்லையில டொக்கு டொக்குன்னு சுத்தியல் சத்தம். சரிதான், பெட்டிக்குப் பூட்டு சேராம ஆணி அடிச்சு மூடுறாங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு மாவுக் கரண்டியோடயே ஓடுனேன்.

சேலையெல்லாம் துணிக்கொடியில தொங்குது. ட்ரங்குப் பெட்டி காலியாக் கவுந்து கிடக்கு. மதினி அதுமேல குனிஞ்சு, பெரிய ஆணி ஒண்ணை வச்சு அடியில ஓட்டை ஓட்டையாப் போட்டுக்கிட்டிருக்காங்க. "என்ன மதினி பண்றீங்க? நல்ல பெட்டிய!"

"தண்ணி நின்னா வேர் அழுகிரும்ல. அந்தப் பெரியவரு தூங்கட்டும். நம்ம தாய்ச்செடியை இதுக்குள்ள மாத்தி, நிழல் இருக்கிற பக்கமா இழுத்து வச்சுக்கிடலாம். அந்தச் சொளகு வெயில்ல நீ வடகம் காயப்போட்டுக்க." அடுத்த ஓட்டைக்கு ஆணியை வச்சாங்க. "மழை பிறந்ததும் எல்லாத்தையும் பிரிச்சு மதில் மேல வைக்கிறேன், நிழலும் அதுக்குத் தக்கனப் பெருகும். திருட வர்றவங்களை மத்தியானமா வரச் சொல்லு. நான் தூங்குறேன்."

எனக்குப் பேச்சு வரலை. எனக்கு! மாவுக் கரண்டி சேலையெல்லாம் சொட்டுது. மதினி நிமிர்ந்து பார்த்தாங்க. "நான் வாடுனதுக்கு நடுத்தெருவுல நின்னு ஒருத்தி கத்துவான்னு நான் கனவுலகூட நினைச்சதில்லை லோகமணி"ன்னாங்க. பிறகு கருகுன குருத்தை நகத்தால கீறிக் காட்டுனாங்க. மேல்தோல்தான் கருப்பு, உள்ள பச்சை, இன்னும் சுருண்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

நான் வாசலுக்கு ஓடி, "அண்ணே, பெட்டி ஓட்டையாயிருச்சுண்ணே, அதுல இனிமே ஒரு துணி வைக்க முடியாது!"ன்னு கத்துனேன். அண்ணன் என்னைப் பார்த்துச்சு, எனக்குப் பின்னாடி கையெல்லாம் மண்ணா வந்து நின்ன மதினியைப் பார்த்துச்சு. சாவியைத் திருப்பி ஜீப்பை அணைச்சுச்சு. ஸ்டியரிங் மேல நெத்தியை வச்சுச்சு. தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுக பின்னாடி உக்காந்து, என்னாச்சு ஏதாச்சுன்னு தலையை நீட்டுறாங்க. அண்ணன் இறங்கிக் கொல்லைக்குப் போயி, காலிக் கேனை எடுத்துட்டு வந்து தன் பக்கத்துச் சீட்டுல, மதினிக்குன்னு வச்சிருந்த இடத்துல வச்சுச்சு.

"சாயங்காலம் ரெண்டு கேனாக் கொண்டாரேன்"ன்னுச்சு.

"சரி"ன்னாங்க மதினி.